‘வியூ ஒன்லி’தான் குடுத்தேன், அடுத்த கம்பெனி பில்லு எப்படி தெரியுது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல கிளையன்ட் போர்ட்டல் பத்திதான், அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், எங்களது சின்ன டீம். கிளையன்ட்டுங்க அவங்களே லாகின் பண்ணி பில்லு, ரிப்போர்ட், ஃபைல் எல்லாம் பாத்துக்கற மாதிரி ஆன்லைன் போர்ட்டல் வச்சிருக்கோம். எல்லாருக்கும் ‘வியூ ஒன்லி’ தான் குடுத்திருக்கேன். போன வாரம் ஒரு கிளையன்ட் போன் பண்ணி, வேற ஒரு கம்பெனியோட இன்வாய்ஸ் எனக்கு ஏன் தெரியுதுன்னு கேட்டாரு, வெலவெலத்து போயிட்டேன். எங்க தப்பு?

பதில்: அவரு போன் பண்ணி சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். பாத்துட்டு கம்முனு இருக்கற ஆளுதான் ஆபத்து.

‘வியூ ஒன்லி’ங்கறது அவரு என்ன பண்ணலாம்ங்கறதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுது. பாக்கலாம், திருத்த முடியாது, அழிக்க முடியாது, அவ்ளோதான். எதை எதை பாக்கலாம்ங்கறது தனி கேள்வி, நிறைய சாஃப்ட்வேர்ல அதுக்கு தனி செட்டிங், சில சமயம் வேற பக்கத்துலயே இருக்கும். ரோல் (ஒரு ஆளுக்கு குடுக்கற உரிமைகளோட தொகுப்பு) பக்கத்துல வியூ, எடிட், டெலிட்னு டிக் போட்டுட்டு சேவ் பண்ணிட்டு வந்துடறோம், கீழ ‘எல்லா ரெக்கார்டும்’, ‘அவர் கம்பெனி ரெக்கார்டு மட்டும்’, ‘அவர் பேர்ல இருக்கறது மட்டும்’னு இருக்கற இன்னொரு தேர்வை யாரும் தொடறதே இல்ல. அது ‘எல்லா ரெக்கார்டும்’ல நின்னுச்சுன்னா, உங்க வியூ ஒன்லி ஆளு ஊர்ல இருக்கற எல்லார் பில்லையும் நிம்மதியா ‘வியூ’ பண்ணுவாரு, சாஃப்ட்வேர் கணக்குல அதுல தப்பே கிடையாது.

உங்களுக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. 2021 ஆகஸ்ட்ல அப்கார்டுங்கற செக்யூரிட்டி கம்பெனி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ்ல கட்டின போர்ட்டல்கள் வழியா 47 அமைப்புகளோட டேட்டா, மொத்தம் 3.8 கோடி ரெக்கார்டு, லாகினே இல்லாம யார் வேணும்னாலும் பாக்கற மாதிரி கிடந்திருக்கு. யாரும் பூட்டை உடைக்கல, டேபிள் பர்மிஷன்னு, எந்த டேட்டாவை யார் பாக்கலாம்னு கட்டுப்படுத்தற ஒரு செட்டிங் ஆன் பண்ணாம விட்டிருந்தாங்க, அவ்ளோதான் காரணம். அதுக்கப்புறம்தான் மைக்ரோசாஃப்ட் அதை ஆரம்பத்துலயே ஆன்ல இருக்கற மாதிரி மாத்தினாங்க. பெரிய பெரிய இடத்துலயே டீஃபால்ட்டை நம்பி இப்படி ஆயிருக்கு.

அடுத்து ஃபோல்டர். மேல ஒரு ஃபோல்டருக்கு பர்மிஷன் குடுத்தா உள்ள இருக்கற அத்தனைக்கும் தானா இறங்கிடும், ‘கிளையன்ட்ஸ்’னு ஒரு பெரிய ஃபோல்டர் வச்சு அதையே ஷேர் பண்ணியிருந்தீங்கன்னா கதை முடிஞ்சுது. ஒருத்தருக்கு ரெண்டு ரோல் இருக்கான்னும் பாருங்க, பெரும்பாலும் ரெண்டு ரோல்லயும் இருக்கற உரிமை கூடித்தான் வரும், குறையாது. ஒரு ரோல்ல இறுக்கி வச்சுட்டோம்னு நீங்க நினைப்பீங்க, ரெண்டாவது ரோல் பின்பக்கமா கதவை தெறந்து விட்டிருக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் தெரியுதுன்னா ஒரு சோதனை பண்ணுங்க. ரெண்டு டம்மி கம்பெனி உருவாக்கி ஆளுக்கு ஒரு டெஸ்ட் லாகின் போடுங்க. முதல் லாகின்ல ஒரு இன்வாய்ஸை தெறந்து மேல இருக்கற அட்ரஸ் லைனை காப்பி பண்ணி, பிரைவேட் விண்டோல ரெண்டாவது லாகின் போட்டு அதை பேஸ்ட் பண்ணுங்க. ‘அனுமதி இல்லை’ன்னு வரணும். இன்வாய்ஸ் தெறந்துச்சுன்னா இது உங்க செட்டிங்ஸ் பிரச்சனை இல்ல, சாஃப்ட்வேரோட ஓட்டை. மெனுல மறைச்சு வச்சுட்டு சர்வர்ல செக் பண்ணாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். வெப் பாதுகாப்பு பத்தி ஓவாஸ்ப் அமைப்பு போடற டாப் 10 பட்டியல்ல இந்த மாதிரி அனுமதி ஓட்டைங்க 2017ல அஞ்சாவது இடத்துல இருந்துச்சு, 2021ல முதலிடத்துக்கு வந்துடுச்சு. சாஃப்ட்வேர் குடுத்தவங்களுக்கு அன்னிக்கே எழுத்துல அனுப்புங்க, போன்ல சொன்னா போதும்னு விட்டுடாதீங்க.

இன்னொன்னு, நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். யாரோட இன்வாய்ஸ் வெளிய தெரிஞ்சுதோ அந்த கம்பெனிக்கு நீங்களே சொல்லிடுங்க. லாக் (யார் எப்ப எதை தெறந்தாங்கங்கற பதிவு) எடுத்து என்ன தேதில எந்த ஃபைல் தெறந்திருக்குன்னு பாத்துட்டு சொன்னா பேச்சு அதோட நிக்கும். வேற யார் வாயாலயாவது அவங்களுக்கு தெரிஞ்சா நிக்காது.

கேள்வி: எங்க கிளையன்ட் ஆபீஸ்ல அஞ்சு பேர் போர்ட்டல் பாக்கணும்னு சொல்றாங்க, ஆனா ‘ஒரே ஐடி குடுங்க, நாங்க பாத்துக்கறோம்’ங்கறாங்க. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. நாளைக்கு ஒரு கொட்டேஷனை யாரோ ‘அப்ரூவ்’ அமுக்கிட்டு யாரும் நான் இல்லைன்னு சொன்னா லாக்ல இருக்கப்போறது ஒரே ஒரு பேரு, அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஓடிபி ஒருத்தர் போனுக்குதான் வரும், அவரு லீவுன்னா மத்த நாலு பேரும் உக்காந்துட்டு இருக்கணும், அந்த கடுப்புலயே ‘ஓடிபியை ஆஃப் பண்ணிடுங்க’ன்னு உங்ககிட்ட வருவாங்க. அஞ்சுல ஒருத்தர் வேலையை விட்டா பாஸ்வேர்ட் மாத்தி மிச்சம் பேருக்கு சொல்லணும், அது எங்கயும் நடக்கறதில்ல. யூசர் எண்ணிக்கைக்கு காசுங்கறதால கேக்கறாங்கன்னா, அஞ்சு பேரும் நிஜமா உள்ள வரணுமான்னு கேட்டு பாருங்க, பாதி பேருக்கு மெயில்ல வர பிடிஎஃப்பே போதும்னு இருக்கும்.

கேள்வி: கிளையன்ட் பக்கம் ஒருத்தர் வேலைய விட்டு போயிட்டாருன்னு சொன்னாங்க, அன்னிக்கே அவரு ஐடியை டிஸேபிள் பண்ணிட்டேன். ஆனா திங்கக்கிழமையானா அவருக்கு ரிப்போர்ட் மெயில் போய்ட்டுதான் இருக்குதாம். எப்படி சார் இது?

பதில்: டிஸேபிள் பண்ணா லாகின் வாசல் மட்டும்தான் மூடும், மத்த வழியெல்லாம் அப்படியே இருக்கும். உங்க விஷயத்துல, ‘வாரா வாரம் இந்த ரிப்போர்ட்டை இவங்களுக்கு அனுப்பு’ன்னு யாரோ ஷெட்யூல் போட்டிருக்காங்க. அதுல இருக்கறது வெறும் மெயில் அட்ரஸ், யூசர் ஐடி இல்ல, அதனால அவரு இருக்காரா போயிட்டாரான்னு அதுக்கு தெரியாது, கவலையும் இல்ல. ரிப்போர்ட் செட்டிங்ஸ்ல அந்த அட்ரஸை தேடி எடுங்க. இன்வாய்ஸ் நினைவூட்டல், டிக்கெட் அப்டேட் இதுலல்லாம் ‘சிசி’ல சேத்திருக்காங்களான்னும் பாருங்க.

அதோட நிறுத்தாம இன்னும் கொஞ்சம் தோண்டுங்க. டிஸேபிள் பண்ற நேரத்துல அவரு ஏற்கனவே லாகின்ல இருந்தா சில சாஃப்ட்வேர்ல அந்த செஷன் முடியற வரைக்கும் ஓடிட்டே இருக்கும், அதாவது சாவியை புடுங்கிட்டோம், ஆளு இன்னும் உள்ளயே உக்காந்திருக்காரு. ‘எல்லா டிவைஸ்லயும் லாகவுட்’னு ஒரு பட்டன் இருந்தா அதையும் அமுக்குங்க. அவரு உருவாக்கின ஷேர் லிங்க் எதாவது ‘லிங்க் இருந்தா யார் வேணும்னாலும் பாக்கலாம்’ல இருந்தா, அவரு ஐடி செத்தாலும் லிங்க் சாகாது. கொஞ்சம் டெக்னிக்கலான ஆளா இருந்தா ஏபிஐ கீ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்னுக்குள்ள போய் டேட்டா எடுக்கறதுக்கான சாவி) எடுத்து வேற ஏதாவது சாஃப்ட்வேரோட இணைச்சிருப்பாரு, அதை பொறுமையா பாத்து எடுங்க, அவசரப்பட்டு எடுத்தா அந்த கம்பெனியோட நிஜ வேலை எதாவது நின்னுடும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு, ஒருத்தர் போயிட்டாருங்கற தகவல் நமக்கு வரணுமே! உங்களுக்கு சொன்னாங்க, பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் அவங்க யூசர் பட்டியலை அனுப்பி ‘இவங்க எல்லாரும் இன்னும் இருக்காங்களா’ன்னு ரெண்டு வரி மெயில் போடுங்க. கடைசியா லாகின் பண்ண தேதியையும் சேத்து அனுப்பினா அவங்களே ‘ஐயோ இவரு போயே வருஷமாச்சே’ம்பாங்க.

கேள்வி: ஒரு பெரிய கிளையன்ட் ஓனர் ‘எனக்கு அட்மின் குடுங்க’ன்னு அடம் பிடிக்கறாரு. முகத்தை முறிச்சுக்கவும் முடியல.

பதில்: அட்மின்னா அவருக்கு என்ன பண்ணணும்னு கேளுங்க. அனேகமா அவங்க ஆளுங்களை அவரே சேக்கணும், எடுக்கணும், அவங்க கம்பெனி ரிப்போர்ட் முழுசா தெரியணும், இதுக்கு மேல எதுவும் இருக்காது. அவர் கம்பெனிக்குள்ள மட்டும் செல்லுபடி ஆகற மாதிரி ஒரு ரோல் செஞ்சு ‘கம்பெனி அட்மின்’னு பேர் வைங்க, மனுஷன் சந்தோஷமா போயிடுவாரு. ஒண்ணே ஒண்ணு கவனிங்க, அவரு சேக்கற ஆளுக்கு தன்கிட்ட இல்லாத உரிமையை குடுக்க முடியுதான்னு டெஸ்ட் லாகின்ல பாத்துடுங்க. முடிஞ்சா நீங்க குடுத்தது முழு அட்மின்தான், பேரு மட்டும்தான் வேற.

கேள்வி: பழைய யூசர்களை மொத்தமா டெலிட் பண்ணிடலாமா? லிஸ்ட் நீளமா இருக்கு.

பதில்: வேணாம். சில சாஃப்ட்வேர்ல யூசரை டெலிட் பண்ணா அவரு அப்ரூவ் பண்ணது, கமென்ட் போட்டது எல்லாத்துலயும் பேர் போயி ‘தெரியாத யூசர்’னு நிக்கும். டீஆக்டிவேட் பண்ணி வைங்க, லிஸ்ட்ல ‘ஆக்டிவ் மட்டும்’னு ஃபில்டர் போட்டா கண்ணை உறுத்தாது. அந்த கிளையன்ட்டே ‘எங்க ஆளோட விவரத்தை அழிச்சிடுங்க’ன்னு எழுத்துல கேட்டா அது வேற விஷயம், அப்ப உங்க ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு கை வைங்க.