மௌனா கேயா உச்சிக்கு நாமே கார் ஓட்டிப் போகலாமா? வண்டி ஏறுமா?

போகலாம், நான் ஓட்டியிருக்கிறேன். சரியான வண்டியாக இருந்தால் ஏறிவிடும். கவலைப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான்.

ஹவாயில் உள்ள இந்த மலை 4,207 மீட்டர் உயரம். சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் பார்வையாளர் நிலையம் வரை தார்ச்சாலை, எந்தக் காரும் போகும். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சரளைச் சாலை. உச்சிக்குப் பக்கத்தில் மறுபடி தார் வந்துவிடும். லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) உள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பல ஒப்பந்தங்கள் இந்தச் சாலைக்கு அனுமதி தருவதில்லை.

நிலையத்தில் அரை மணி நேரமாவது இருந்துவிட்டு ஏறுங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். இன்ஜினும் மூச்சு வாங்கும், ஓட்டுகிறவருக்கும் தலை கிறுகிறுக்கும். தலைவலியும் குமட்டலும் அதிகமானால் பேசாமல் கீழே இறங்கிவிடுங்கள், உச்சி எங்கும் ஓடிப்போகாது.

சரளை பல இடங்களில் குறுக்கே வரிவரியாக மடிந்து கிடக்கும். ஸ்டியரிங் கையில் நடுங்கும், டேஷ்போர்டு கடகடக்கும். வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் குறைவதுபோல் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். டயர் முகடுகளை மட்டும் தொட்டுத் தாவுகிறது, அவ்வளவுதான். திருப்பத்தில் பின்பக்கம் அப்படியே விலகிப் போகும்.

இப்போது இறக்கம். உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். அப்புறம் முதல் கியர். இன்ஜின் உறுமும், உறுமட்டும். வண்டியைப் பிடித்து வைப்பதே அதுதான். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வந்தால் கருகல் வாடை வரும், பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். தேவைப்படும்போது ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிடுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் பார்வையாளர்கள் உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் எல்லா வண்டிகளும் ஒன்றாக இறங்கும். முன்னால் போகிற வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். மலையில் பெட்ரோல் கிடையாது, கீழே உள்ள ஹிலோ, வைமேயா ஊர்களில் ஒன்றில் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.