கொட்டகைக்கு வந்த தாய்ப்பூனை

கேள்வி: எங்கள் விறகுக் கொட்டகையில் தாய்ப்பூனை ஒன்று குட்டிகளுடன் தங்கியிருக்கிறது; சோறு வைத்தாலும் என்னைக் கண்டதும் ஓடிவிடுகிறது. எப்படிப் பழக்குவது?
— வாசகி, குன்னூர்

பதில்: தினமும் ஒரே நேரத்தில் மீன் கலந்த சோற்றை வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் பக்கவாட்டாகத் தரையில் அமர்ந்து, அதன் கண்களை உற்றுப் பார்க்காமல் இமைகளை மெல்ல மூடித் திறங்கள், சில நாட்களுக்கு ஒருமுறை ஓரடி நெருங்கினால் போதும். காதுகள் பின்னால் மடிந்து, வால் தரையைத் தட்டினால் அன்றைக்கு அங்கேயே நின்றுவிடுங்கள். பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டிகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தாயோ கடைசிவரை தொடவிடாமலே போகலாம், அதற்காக வருந்தாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லுங்கள். உறைபனி மாதங்களில் அவற்றின் பெட்டிக்குள் கம்பளியைவிட வைக்கோலே நல்லது. கம்பளி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.