றீல் சீட் ஏன் சுற்றுகிறது?

கேள்வி: ஒன்பது அடி கார்பன் தூண்டில் தடி ஒன்றை நானே கட்டினேன். பாலமீன்மடு முகத்துவாரத்தில் கொடுவா ஒன்று இழுத்தபோது றீல் சீட் (நூல் சுற்றும் றீலைப் பூட்டத் தடியில் ஒட்டும் குழாய்) தடியில் நிற்காமல் சுற்றிவிட்டது. சூப்பர் குளூதான் போட்டிருந்தேன். வேறு எந்தப் பசை நல்லது? – கல்லடி வாசகர்

தம்பி, சூப்பர் குளூ இந்த இடத்துக்கான பசையே இல்லை. காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தடி வளைந்து நிமிரும்போது அதில் வெடிப்பு விழும். இடைவெளியையும் அது நிரப்பாது.

றீல் சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இரண்டு குழாயில் வரும் எபொக்சிதான் சரி. ஐந்து நிமிடத்தில் இறுகுவதை வாங்காதீர்கள். நம் வெயிலில், சீட்டை நேராக்கி முடிக்கும் முன்பே இறுகிவிடும். மெதுவாக இறுகும் அரல்டைட் மாதிரி ஒன்று போதும். ஒட்டிய பிறகு 24 மணித்தியாலம் தொடாதீர்கள்.

ஆனால் பசையை மாற்றினால் மட்டும் போதாது. சீட்டின் துளை தடியைவிட அகலம் என்பதால் உள்ளே மாஸ்கிங் டேப் சுற்றுவோம் அல்லவா? அதை நீளம் முழுக்கச் சுற்றினால் பசை தடியைத் தொடவே தொடாது, டேப்பின் கடதாசியைத்தான் பிடித்திருக்கும். இப்படிக் கழன்ற சீட்டைப் பிரித்தால் பசையெல்லாம் டேப்போடு வந்துவிடும், தடி பளபளவென்று அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் அந்தக் கடதாசி ஊறி இளகும். அதனால் டேப்பை அரை அங்குல அகலத்தில் மூன்று இடங்களில் மட்டும் சுற்றுங்கள். இடைப்பட்ட பள்ளங்களைப் பசையால் நிரப்பி, டேப்பின் இரண்டு ஓரங்களையும் பசையாலேயே மூடுங்கள். சுவர் வெடிப்புக்கு ஒட்டும் கண்ணாடி நார் வலை டேப் கிடைத்தால் இன்னும் நல்லது, பசை அதன் கண்களுக்குள்ளால் இறங்கித் தடியையே பிடிக்கும்.

ஒட்டும் இடத்தைப் பளபளப்புப் போகும் அளவுக்கு மட்டும் 320 சாண்ட் பேப்பரால் உரசுங்கள். பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்தபின் கை படக்கூடாது. பசையைக் கண்மட்டத்தில் கலக்காதீர்கள். பெட்டியில் சமபங்கு என்று போட்டிருந்தால் இரண்டு சிரிஞ்சில் அளந்து எடுங்கள், அளவு பிசகினால் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்புப் போகாது. கலந்ததைத் தட்டையாகப் பரப்பி வையுங்கள். குவியலாகக் கிடந்தால் தானே சூடேறிச் சீக்கிரம் இறுகும். மாரி மழைநாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

தூண்டில் நூல் ஓடும் வளையங்களில் நுனி வளையத்துக்கு மட்டும் எபொக்சி வேண்டாம். அடிபட்டு முதலில் உடைவது அதுதான். குளூ கன்னுக்குப் போடும் குச்சியை உருக்கி ஒட்டினால், பிறகு வளையத்தின் உலோகக் குழாயை லேசாகச் சூடாக்கிக் கழற்றலாம். தடியில் மட்டும் தீ படக்கூடாது. மற்ற வளையங்களை நூல் சுற்றித்தான் கட்ட வேண்டும். அதன்மேல் பூசுவது வளைந்து கொடுக்கும் மெல்லிய எபொக்சி, அரல்டைட்டை அங்கே பூசாதீர்கள்.

அப்புறம், தடியில் மிஞ்சிய சூப்பர் குளூவைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், சாண்ட் பேப்பரால் மெல்லமாக எடுங்கள். கார்பன் நாரில் ஒரு கீறல் விழுந்தால், அடுத்த கொடுவா இழுக்கும்போது தடி அங்கேதான் முறியும்.