பெட்டியில் அச்சிட்ட தரம் மாஸ்க்கில் இல்லையென்றால்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் சொந்தமாகப் பல் மருத்துவமனை நடத்துகிறேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் இருபது பெட்டி மூன்றடுக்கு மாஸ்க் வாங்கினேன். பெட்டியில் ‘ஐ.எஸ். 16289, கிளாஸ் 3’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால், ஸ்கேலிங் (பற்காரை நீக்குதல்) செய்யும்போது தெறிக்கும் தண்ணீரிலேயே உள்பக்கம் நனைந்து உதட்டில் ஒட்டுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால், “பிரித்த சரக்கை வாங்குவதில்லை, தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது” என்கிறார் வியாபாரி. ஒரு பரிசோதனை அறிக்கையின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் மருத்துவமனையை மூட வேண்டியதாயிற்று. என்ன செய்யலாம்?

பதில்: டாக்டர், முதலில் ஒரு வேண்டுகோள். மீதமுள்ள பெட்டிகளைப் பிரிக்காதீர்கள். அந்த மாஸ்க்கை நீங்களும் உங்கள் உதவியாளரும் இன்றே நிறுத்திவிடுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களையும், குறிப்பாக பேட்ச் எண் தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கின் உயிரே அந்தப் பிரிக்காத பெட்டிகளில்தான் இருக்கிறது.

‘மூன்றடுக்கு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை. மூன்று அடுக்கும் சாதாரணத் துணியாக இருந்தாலும் அது மூன்றடுக்குதான். ஆனால் ‘ஐ.எஸ். 16289’ என்று அச்சிட்டால் கதை வேறு. அறுவை சிகிச்சை மாஸ்க்குகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2014-இல் வகுத்த தர விவரக்குறிப்பு அது. பாக்டீரியாவை வடிகட்டும் திறன் முதல் வகுப்பில் 95 சதவீதமும் மற்ற இரண்டு வகுப்புகளில் 98 சதவீதமும் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மட்டும் தெறிப்பைத் தாங்கும் சோதனையும் உண்டு. செயற்கை இரத்தத்தை 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு இணையான வேகத்தில் மாஸ்க்கின் மீது பீய்ச்சி, உள்பக்கம் கறை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பல் மருத்துவருக்கு வேண்டியது இந்த வகுப்புதான். அதை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10), ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்குப் பெரும் பலம். சட்டப்படி கடைப்பிடிக்க வேண்டிய தரத்தில் குறைவதோடு, விற்பவர் எந்த விதத்திலாவது உரிமை கோரிய தரத்தில் குறைந்தாலும் அது குறைபாடுதான். ஆகவே, இந்தத் தரம் கட்டாயமா இல்லையா என்ற வாதத்துக்குள் நீங்கள் போகவே வேண்டாம். அச்சிட்டது அவர்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்களே.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனடியில் ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். போலி என்று தெரிந்தால் அமைவனத்திடம் புகார் கொடுங்கள். உரிமம் இல்லாமல் முத்திரையைப் பயன்படுத்துவது 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி குற்றம்.

அடுத்து, “தொழிலுக்கு வாங்கியவர்” என்ற மிரட்டல். இதைக் கேட்டுப் பின்வாங்கிய சிறு மருத்துவர்கள் எத்தனையோ பேர் என்பதுதான் என் வருத்தம். சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதைச் சட்டம் ‘வணிக நோக்கம்’ என்று கருதுவதில்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்கை விரிவாக விளக்கியிருக்கிறது. 2019-இல் லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை வழக்கில், வாங்கியதன் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டும் செயலோடு நேரடித் தொடர்பு உடையதா என்று பார்க்க வேண்டும் என்றது. நீங்கள் மாஸ்க்கை மறுவிற்பனை செய்யவில்லை, முகத்தில் அணிந்தீர்கள். நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து சிகிச்சை தருகிறீர்கள். மனுவில் இதைத் தெளிவாக எழுதுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளப்பப்போகும் ஆட்சேபணை இதுவாகத்தான் இருக்கும்.

‘பிரித்த சரக்கை வாங்குவதில்லை’ என்பதும் செல்லாது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47).

அந்த வாட்ஸ்அப் அறிக்கையை நிதானமாகப் படியுங்கள். சோதிக்கப்பட்டது தைத்து முடித்த மாஸ்க்கா, வெறும் துணித் துண்டா? பேட்ச் எண் உங்கள் பெட்டியோடு ஒத்துப்போகிறதா? பாக்டீரியா சோதனை மட்டும் இருந்து, தெறிப்புச் சோதனை விடுபட்டிருக்கிறதா? இவற்றைக் கேள்விகளாகவே வக்கீல் நோட்டீஸில் கேட்டு, வியாபாரி, தயாரிப்பாளர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நனைந்தது’ என்ற உங்கள் வார்த்தை மட்டும் போதாது. மூச்சின் ஈரத்தால் நனைந்தது என்பார்கள். ஆய்வக முடிவு தேவை. ஆனால் நீங்களாக ஒரு மாஸ்க்கை எடுத்து அனுப்பினால், “அது எங்கள் சரக்கே அல்ல” என்று மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 38-இன்படி, நுகர்வோர் கோர்ட் எனப்படும் நுகர்வோர் ஆணையமே மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மருத்துவத் துணிகளைச் சோதிக்கும் சிட்ரா ஆய்வகம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அதன் பெயரை மனுவிலேயே முன்மொழியலாம்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ உபகரணங்கள் அனைத்தும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அறுவை சிகிச்சை மாஸ்க்கும் அதில் அடங்கும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் பெட்டியின் படங்களோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் அளியுங்கள். உங்களுக்குப் பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலையல்ல. ஆனால் அதே பேட்ச் வேறு மருத்துவமனைகளுக்குப் போவதை அவர்களால் தடுக்க முடியும். என்னைக் கேட்டால், நுகர்வோர் வழக்கைவிட இதுவே அவசரம்.

காய்ச்சலுக்கு இழப்பீடு கேட்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மாஸ்க்கால்தான் தொற்று வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். மூடிய நாட்களின் வருமான இழப்பையும் ‘பொருள் பொறுப்பு’ (குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த பாதிப்புக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் ஏற்கும் பொறுப்பு) என்ற தலைப்பில் கேட்க இயலாது. வணிக, பொருளாதார இழப்பை அந்தத் தலைப்பிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பொருளின் விலை, மன உளைச்சலுக்கான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். ஊதிப் பெரிதாக்கிய மனு நியாயமான கோரிக்கையையும் பலவீனப்படுத்தும்.

மனுவை உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். பெட்டியில் காலாவதித் தேதி இருந்தால், அது கடந்த பிறகு நடக்கும் எந்தச் சோதனையையும் எதிர்த்தரப்பு ஏற்காது.