அண்ணாவின் ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு நான் கடன் எடுக்கலாமா?

கேள்வி: கனடாவில், சாஸ்கட்டூனில் தாதியாக வேலை செய்கிறேன். வாஸ்கெசு ஏரிக்கரையில் அண்ணா ஒரு கொட்டேஜ் பார்த்திருக்கிறார். என் பங்காக 70,000 டொலர் கேட்கிறார். என் வீட்டை ஈடாக வைத்து எடுத்த லைன் ஒஃப் கிரெடிட்டில் (வேண்டும்போது ஓர் எல்லை வரை எடுக்கக்கூடிய வங்கிக் கடன்) ஏற்கெனவே 38,000 நிற்கிறது. அண்ணாவின் கடைக்கும் அவர் மகளின் சாமத்தியவீட்டுக்கும் கொடுத்த காசு அது. 6.5 வீத வட்டியை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேன். மாதம் 800 டொலர் வரை கட்ட எனக்குத் தாங்கும். குத்தகை அண்ணா பெயரில் வரும். வாடகைக்கு விட்டால் கடன் அடைந்துவிடும் என்கிறார். பிள்ளைகளுக்கும் அந்த இடமென்றால் உயிர்.

பதில்: பிள்ளைகள் ஆசைப்படுவதில் பிழையில்லை. மாலையில் எல்க் மான்கள் கொட்டேஜ்களுக்கு நடுவே வந்து புல் மேய்வதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறேன்" என்ற வரிதான். வட்டி மட்டும் கட்டினால் பத்து வருஷம் கழித்தும் 38,000 அப்படியே நிற்கும். மாதம் 205 டொலர் பெரிதாகத் தெரியாததால், அண்ணா கேட்கும்போதெல்லாம் கை அந்தக் கணக்குக்கே போகிறது.

இன்னும் 70,000 எடுத்தால் மொத்தம் 108,000. வட்டி மட்டும் வருஷம் ஏறக்குறைய 7,000. குத்தகைப் பணம், காப்புறுதி, மின்சாரம், குளிருக்கு முன் குழாய்களை வடித்துப் பூட்டும் செலவு என உங்கள் பங்குக்கு 3,000 வையுங்கள். கோடையில் பத்து இரவு தங்கினால், ஓர் இரவுக்கு ஆயிரம் டொலர்!

வாடகைக் கதையை நம்பி இறங்காதீர்கள். வாஸ்கெசு, பிரின்ஸ் அல்பேர்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1927இல் வந்த பூங்கா. நிலம் அரசுடையது, யாருக்கும் விற்கமாட்டார்கள். காசு கொடுத்து வாங்குவது கட்டடத்தையும் மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்தையும் மட்டும்தான். வாடகைக்கு விட அந்தக் குத்தகை இடம் கொடுக்கிறதா, எத்தனை வருஷம் மிச்சம் என்று அண்ணா பார்த்தாரா? கூட்டம் வருவதும் முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில்தான். சுற்றிவர ஊசியிலைக் காடு, தீப் பயமும் உண்டு. 2015இல் வடக்கே லா ரோஞ் ஊரையே காட்டுத்தீயால் காலிசெய்ய வேண்டி வந்தது.

எல்லாவற்றையும்விட, குத்தகை அவர் பெயரில், கடன் உங்கள் கூரையின் மேல். அவரால் கட்ட முடியாமல் போனால் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும்.

இந்த வாரமே வங்கிக்குப் போய், கடன் எல்லையை 38,000ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். தாங்கும் என்ற அந்த 800ஐ மாதாமாதம் இதற்கே கட்டுங்கள். ஏறக்குறைய நாலரை வருஷத்தில் முடிந்துவிடும். அண்ணாவிடம் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று இழுக்காமல், "கடன் எல்லையைக் குறைச்சிட்டன் அண்ணா, இனி எடுக்கேலாது" என்று நேரே சொல்லுங்கள்.

ஏரியைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம். அங்கேயே பீவர் க்ளென் முகாமில் கூடாரத்துக்கு இடம் கிடைக்கும், 17 வயது வரை பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. பதிவு திறந்தவுடன் ஜூலைக்கு இரண்டு இடம் பக்கத்துப் பக்கத்தில் எடுங்கள், ஒன்று அண்ணா குடும்பத்துக்கு.