அடங்கியதா, அடக்கினார்களா? – சொல் ஐயம், கேள்வி-பதில்

ஆங்கிலத்தில் 'சப்ட்யூ' என்ற வினைச்சொல்லைப் பற்றியும் அதன் உறவுக்காரச் சொற்களைப் பற்றியும் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அத்தனைக்கும் அகராதி தரும் பதில் 'அடக்கு' என்ற ஒரே சொல்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்: ஒன்பதாம் வகுப்பு மாணவன் 'த க்ரவுட் சப்ட்யூட் ஆஃப்டர் சம் டைம்' என்று எழுதியிருந்தான். 'கொஞ்ச நேரத்தில் கூட்டம் அடங்கியது' என்பதுதான் அவன் சொல்ல வந்தது. தவறு என்று தெரிகிறது. ஏன் என்று அவனுக்கு விளக்க முடியவில்லை.

தவறு ஆங்கிலத்தில் தெரிகிறது, ஆனால் அதன் வேர் தமிழில் இருக்கிறது. நம்மிடம் அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, திருந்து–திருத்து என்று வினைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. தானாக நடந்தால் மெல்லெழுத்து, இன்னொருவர் செய்தால் வல்லெழுத்து. கூட்டம் அடங்கியது, போலீஸார் கூட்டத்தை அடக்கினார்கள். தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் நீங்கள் நடத்துவதுதான்.

'சப்ட்யூ' இந்த ஜோடியில் 'அடக்கு' மட்டும்தான்; 'அடங்கு' அதற்குள் இல்லை. எப்போதும் செயப்படுபொருள் கேட்கும். மாணவன் எழுதிய வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், கூட்டம் யாரை அடக்கியது என்று தேடுவார். 'த க்ரவுட் சப்ட்யூட் த தீஃப்' என்றால் சரியான வாக்கியம்: கூட்டம் திருடனை மடக்கிப் பிடித்தது. பாருங்கள், அதே எழுவாயோடு பொருள் எங்கேயோ போய்விட்டது.

மாணவனைக் குறை சொல்லவும் முடியாது. 'ஓப்பன்', 'பிரேக்', 'ஸ்டாப்' போன்ற ஆங்கில வினைகள் இரண்டு வேலையும் செய்கின்றன. கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான் இரண்டுக்கும் அங்கே ஒரே சொல். அதைப் பார்த்துப் பழகியவன் எல்லா வினையும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. 'சப்ட்யூ', 'சப்ரெஸ்', 'க்வெல்', 'ரிஸ்ட்ரெயின்' ஆகியவற்றை அப்படிப் பயன்படுத்த முடியாது என்று வகுப்பில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

திருத்தும் வழி, அடங்கியது எது என்பதைப் பொறுத்தது. அடங்கியது மனிதர்கள் என்றால் 'குவையட்டன்ட் டவுன்' அல்லது 'காம்ட் டவுன்'. சத்தம், புயல், வலி, காய்ச்சல், வெள்ளம், கோபம் என்றால் 'சப்ஸைடட்'. இந்தச் சொல் மனிதர்களுக்கு ஆகாது. 'கூட்டம் சப்ஸைடு ஆனது' என்று எழுத வேண்டாம், 'கூட்டத்தின் இரைச்சல்' என்று மாற்றினால் சரியாகிவிடும். 'வாஸ் சப்ட்யூட்' என்று செயப்பாட்டு வினையாக எழுதினால் இலக்கணம் சரிதான், ஆனால் கூட்டம் களையிழந்து உட்கார்ந்திருந்தது என்ற பொருளும் வந்துவிடும்.

நாளிதழ் மொழிபெயர்ப்பாளர், மதுரை: ஏஜென்சி செய்திகளில் 'சப்ட்யூ', 'க்வெல்', 'சப்ரெஸ்', 'கர்ப்', 'சப்ஜுகேட்' மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றையும் 'அடக்கினர்', 'ஒடுக்கினர்' என்றே முடித்துவிடுகிறோம். இது சரியா?

பாதி இடங்களில் பொருள் கெட்டுவிடும். ஒவ்வொரு வினையும் எந்தச் செயப்படுபொருளைப் பிடிக்கிறது என்று பார்த்தால் போதும், தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும்.

'சப்ட்யூ' திமிறுகிற ஒன்றைப் பிடிக்கும் சொல். கத்தியோடு ஓடியவன், வெறிபிடித்த மிருகம், எதிர்த்து நிற்கும் நாடு. ஆள் இருக்கிறான், அவனுடைய திமிறல் போய்விட்டது, அதுதான் பொருள். தெருச் சண்டைச் செய்தியில் வந்தால் நம் நிருபர்கள் தினமும் எழுதுகிற 'மடக்கிப் பிடித்தனர்' கச்சிதமாகப் பொருந்தும். நாடு, மக்கள் என்றால் 'பணியவைத்தான்'. தமிழ் பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இந்தச் சொல் வரும் இடத்தில் 'கீழ்ப்படுத்தி' என்று இருக்கிறது. அழகான சொல், நாம்தான் மறந்துவிட்டோம்.

'க்வெல்' பழைய ஆங்கிலத்தில் 'கொல்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கடுமை தேய்ந்துவிட்டாலும் 'இல்லாமல் ஆக்கு' என்ற எண்ணம் மிச்சமிருக்கிறது. கலவரம், கிளர்ச்சி என்றால் 'அடக்கினர்' சரி. ஆனால் பயம், சந்தேகம், வதந்தியால் வந்த கலக்கம் இவற்றோடும் அடிக்கடி வரும். அங்கே 'மக்களின் அச்சத்தை அடக்கினார் அமைச்சர்' என்று எழுதினால் விபரீதம். 'அச்சத்தைப் போக்கினார்' என்பதே சரி.

'சப்ரெஸ்' என்பதன் லத்தீன் மூலம் 'கீழே அழுத்து'. அழுத்தியது அழியவில்லை, அடியில் இருக்கிறது. இதில்தான் தமிழுக்கு அதிகச் சொற்கள் வேண்டும். இயக்கத்தை ஒடுக்கினார்கள்; ஆதாரத்தை மறைத்தார்கள்; செய்தியை இருட்டடிப்பு செய்தார்கள்; சிரிப்பை அடக்கிக்கொண்டாள்; மருந்து இருமலை மட்டுப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் ஐந்துக்கும் ஒரே வினை. 'ஆதாரத்தை ஒடுக்கினார்' என்று ஒரு நாளிதழில் அச்சாகியே வந்திருக்கிறது.

'கர்ப்' குதிரை லாயத்திலிருந்து வந்த சொல். ஒரு வகைக் கடிவாளத்தில் குதிரையின் கீழ்த்தாடைக்கு அடியில் சின்னச் சங்கிலி ஒன்று போகும். சவாரி செய்பவர் வாரை இழுத்ததும் வாயின் இரு பக்கமும் தொங்கும் கம்பிகள் நெம்புகோலாகத் திரும்பும், சங்கிலி தாடைக்குழியில் இறுகும். குதிரையின் வேகம் குறையும். குதிரை எங்கும் போய்விடாது. ஆகவே பணவீக்கத்தைக் 'கர்ப்' செய்தார்கள் என்றால் பணவீக்கம் இன்னும் இருக்கிறது, வேகம்தான் மட்டுப்பட்டது. 'ஒழித்தார்கள்', 'முடிவு கட்டினார்கள்' இரண்டும் தவறு. 'விலைவாசிக்குக் கடிவாளம்' என்று நம் தலைப்பு எழுதுபவர்கள் போடுவது மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். நடைபாதை ஓரக்கல்லுக்கும் அமெரிக்காவில் இதே எழுத்துதான். பிரிட்டனில் கே-இ-ஆர்-பி என்று எழுதுவார்கள்.

'சப்ஜுகேட்' என்பதில் ஒளிந்திருப்பது நுகத்தடி. 'ஜுகம்' என்றால் லத்தீனில் நுகம், 'சப்' என்றால் கீழே. இது வெறும் உவமை இல்லை. பண்டைய இத்தாலியில் இரண்டு ஈட்டிகளை நட்டு, குறுக்கே மூன்றாவதைக் கட்டி, தோற்ற வீரர்களை ஆயுதமில்லாமல் குனிந்து அதன் அடியில் நடக்கவைப்பார்கள். கி.மு. 321இல் காடைன் கணவாயில் சாம்னைட்டுகள் என்ற இத்தாலிய இனத்தவரிடம் சிக்கிய ரோமானியப் படைக்கே இது நேர்ந்தது. எனவே ஒரு நாள் சண்டையில் வென்றதற்கெல்லாம் இந்தச் சொல் பொருந்தாது. நீண்ட காலம் ஆட்பட்டுக் கிடப்பது இதன் பொருள்; 'அடிமைப்படுத்தினர்' என்று துணிந்து எழுதலாம்.

நேரம் இல்லாத இரவுப் பணியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வினை நடந்து முடிந்த பிறகு அதன் செயப்படுபொருள் இருக்கிறதா? திமிறல் மட்டும் போனதா, அடியோடு போனதா, மறைந்து கிடக்கிறதா, குறைந்திருக்கிறதா? விடை தெரிந்தால் தமிழ் வினை கிடைத்துவிடும்.

வாசகர், ஊட்டி: காட்டுத்தீச் செய்தியில் '60 சதவீதம் கன்டெய்ன்டு' என்கிறார்கள். 60 சதவீதம் அணைந்துவிட்டது என்று தமிழில் வருகிறது. சரிதானா?

சரியில்லை, இது ஆபத்தான பிழையும்கூட. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுப்புறம் எரிந்தபோது இந்தச் சதவீதத்தைத் தினமும் பார்த்தோம். அது அணைந்த பரப்பைக் குறிப்பதில்லை, சுற்றளவைக் குறிக்கிறது. தீ தாண்ட முடியாதபடி புல், புதர், சருகெல்லாம் வெட்டி மண் தெரியும்வரை சுரண்டி ஒரு கோடு போடுவார்கள். சாலை, ஆறு, பாறை இருந்தால் அதுவே கோடாகும். தீயின் சுற்றளவு 10 கிலோமீட்டர், அதில் 6 கிலோமீட்டருக்கு நம்பகமான கோடு விழுந்துவிட்டது என்றால் 60 சதவீதம். உள்ளே தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டே இருக்கலாம். 100 சதவீதம் என்ற பிறகும் எரியும்.

'தீயின் எல்லையில் 60 சதவீதம் வளைக்கப்பட்டது' என்று எழுதுங்கள். 'கன்ட்ரோல்டு' என்பது அதற்கு அடுத்த படி, கோட்டைத் தாண்டி வரும் அபாயம் நீங்கியது. 'அவுட்' என்றால்தான் அணைந்தது. தீயைச் 'சப்ட்யூ' செய்தார்கள் என்று வந்தால் தழலின் உக்கிரத்தைத் தணித்தார்கள் என்று கொள்ளலாம்.

போட்டித் தேர்வு எழுதுபவர், விழுப்புரம்: 'சப்ட்யூ'வில் 'பி' ஒலிக்குமா? 'இங்' சேர்த்தால் எழுத்து மாறுமா? எதிர்ச்சொல் என்ன?

ஒலிக்கும். 'டெட்' (கடன்), 'டவுட்', 'சட்டில்' இவற்றில்தான் 'பி' ஊமை. அழுத்தம் இரண்டாம் அசையில்: சப்-ட்யூ. அமெரிக்கர்கள் 'டூ' என்பார்கள். 'இங்' சேரும்போது கடைசி 'இ' விழுந்துவிடும். 'ஆர்க்யூ', 'ரெஸ்க்யூ' போலத்தான்.

எதிர்ச்சொல் ஒன்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியம் கேட்பது மாறும். நாட்டைப் பற்றியது என்றால் 'லிபரேட்', உணர்ச்சி என்றால் 'அரௌஸ்'. 'சப்ட்யூட்' பெயரடையாக வந்தால் 'லைவ்லி', 'பிரைட்', 'லவுட்' இவற்றில் பொருந்துவது. இணைச்சொல் கேள்வியில் 'ஓவர்பவர்', 'கான்கர்', 'வேன்க்விஷ்' வரும். 'சப்டூரல்' என்று ஒரு விடைத் தெரிவைக் கொடுத்தால் ஏமாறாதீர்கள்: மூளையைச் சுற்றியுள்ள மூன்று உறைகளில் வெளியே இருக்கும் கெட்டியான உறைக்கு அடியில் இருப்பது என்று பொருள், இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

புவியியல் மாணவி, நாகப்பட்டினம்: 'சப்டக்ஷன்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரா?

வடிவத்தில் ஆம், பொருளில் இல்லை. அடியில் இழு என்ற பொருளுடைய லத்தீன் 'சப்டூகெரே'யிலிருந்து 'சப்டக்ஷன்' நேராக வந்தது. நிலத்தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் அமிழ்வது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நடந்ததும், உங்கள் கடற்கரைக்குச் சுனாமியை அனுப்பியதும் அதுதான். 'சப்ட்யூ'வின் உருவம் அதே சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் அதற்கு 'ஏமாற்று, மயக்கு' என்று பொருள் இருந்தது. ஆங்கிலத்துக்குள் வரும்போது 'கீழே வை' என்ற 'சப்டெரே'யின் பொருளை வாங்கிக்கொண்டது. உடம்பு ஒரு வீட்டுப்பிள்ளை, உயிர் இன்னொரு வீட்டுப்பிள்ளை.

ஜவுளிக்கடை விளம்பரம் எழுதுபவர், ஈரோடு: 'சப்ட்யூட் கலர்ஸ்' என்பதற்கு 'டல் கலர்' போடலாமா?

வேண்டாம். புடவை விற்காது, பொருளும் தவறு. 'டல்' குறை சொல்வது, இது பாராட்டு. 'கண்ணை உறுத்தாத நிறங்கள்' என்று போடுங்கள். அதே சொல் வெளிச்சத்துக்கு 'மெல்லிய', குரலுக்குத் 'தணிந்த', சந்தைக்கு 'மந்தமான', மனிதர்களுக்கு 'உற்சாகமிழந்த'.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், திருச்சி: 'ரிஸ்ட்ரெயின்ட்', 'கன்ஃபைன்மென்ட்' இரண்டையும் 'தடுத்து வைத்தல்' என்று எழுதலாமா?

கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 127 என்று இரண்டும் தனித்தனிப் பிரிவுகள்; பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 339 முதல் 342 வரை. போக உரிமையுள்ள ஒரு திசையில் போகவிடாமல் வழிமறித்தால் முதலாவது; அவர் வேறு பக்கம் போக முடியும். நாலு பக்கமும் எல்லை போட்டு வெளியேற விடாமல் செய்தால் இரண்டாவது. 'வழிமறித்துத் தடுத்தல்', 'அடைத்து வைத்தல்' என்று பிரித்து எழுதுங்கள், தண்டனையும் வேறு வேறு.

வாசகர், அலங்காநல்லூர்: ஜல்லிக்கட்டை ஆங்கிலத்தில் 'புல் டேமிங்' என்கிறார்கள். ஏற்கலாமா?

எங்களுக்கு உடன்பாடில்லை. 'டேம்' என்றால் காட்டுக் குணத்தை மாற்றி மனிதனோடு வாழப் பழக்குவது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பது. முதுமலையில் பிடித்த யானையைக் 'கரால்' என்ற மரக்கூண்டில் வைத்துப் பழக்குகிறார்களே, அதற்குத்தான் இந்தச் சொல் தகும். வாடிவாசலில் வரும் காளை வீட்டில் வளர்ந்தது, குழந்தை கையிலும் புல் தின்னும். மாடுபிடி வீரர் அதன் திமிலை அணைத்துப் பிடித்து எல்லைக்கோடு வரையோ மூன்று துள்ளல் வரையோ தொங்குகிறார், அவ்வளவுதான். பிறகு காளை அதே வேகத்தோடு வீட்டுக்குப் போகிறது. அங்கே 'சப்ட்யூ'வும் நடப்பதில்லை. சங்க காலத்தவர் சொன்ன 'ஏறு தழுவுதல்' இன்னும் துல்லியம், தழுவுதல் என்றால் அணைத்தல். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஜல்லிக்கட்டு' என்றே வைத்துவிட்டு, விளக்கம் தேவைப்பட்டால் 'புல் எம்ப்ரேஸிங்' என்று போடுங்கள். மாடுபிடி வீரரை 'டேமர்' என்று எழுதுவதற்குப் பதில் 'புல் கேட்சர்' என்று எழுதலாம். நம் 'மாடுபிடி' அதைத்தானே சொல்கிறது.