இருட்டிலும் குளிரிலும் ஒரு குடித்தனம்

கேள்வி: வடகோடியில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளங்களில் மனைவி, குழந்தைகளும் கூடவே இருப்பார்களா? எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: இடத்தைப் பொறுத்தது. கிரீன்லாந்தின் பிட்டுஃபிக் தளத்துக்கு (2023 வரை தூலே) தனியாகத்தான் போகவேண்டும், குடும்பத்துக்கு இடமில்லை. அலாஸ்காவில் ஃபேர்பேங்ஸ் பக்கத்திலுள்ள ஐல்சன் விமானப்படைத் தளம் வேறு கதை. வீடு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் தளத்துக்குள்ளேயே.

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 4 மணி நேரம்கூடக் கிடையாது, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதே இருட்டில்தான். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்! காரின் முகப்பில் ஒரு பிளக் ஒயர் தொங்கும். அதைக் கரண்டில் செருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி அசையாது. கணவர் மாதக்கணக்கில் வெளியூர்ப் பணிக்குப் போய்விட்டால், கையுறையோடு அந்த ஒயரைத் தேடிச் செருகுவது மனைவியின் வேலை.

என்னைக் கேட்டால் குளிரைவிட இருட்டுதான் ஆளைச் சோர்வடைய வைக்கும். சரி, கோடை வந்தால் நிம்மதியா? ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை போட்டாலும், "இன்னும் பொழுதே சாயலையே, எதுக்குத் தூங்கணும்?" என்று குழந்தை கேட்கத்தான் செய்யும்.